உப ஜனாதிபதி இல்லாத நாடு: குறையா, தப்பிப் பிழைத்ததா?

வாவிக்கரை | மாலை 6.10

களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், அமெரிக்காவுக்கு உப ஜனாதிபதி இருக்கிறார், இந்தியாவுக்கு இருக்கிறார், மாலைதீவுக்குக்கூட இருக்கிறார். எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?"

பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேன். 1978 யாப்பின்படி ஜனாதிபதி பதவி இடையில் வெறுமையானால் பிரதமர் பதில் ஜனாதிபதியாக இருப்பார். ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்யும். அவர் மிச்சக் காலத்தை மட்டும் ஆளுவார். இதுவரை இரண்டு தடவை இது நடந்திருக்கிறது. 1993 மே 1இல் பிரேமதாச கொல்லப்பட்டபோது பிரதமர் டி.பி. விஜேதுங்க பதில் கடமை பார்த்தார், மே 7இல் பாராளுமன்றம் போட்டியின்றி அவரையே தெரிவு செய்தது. 2022 ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டுப் போனபோது ரணில்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், இல்லாததே நல்லது. இருந்திருந்தால் இன்னொரு மாளிகை, இன்னொரு வாகனத் தொடரணி, இன்னொரு ஆலோசகர் கூட்டம். வேலை என்றால் ஜனாதிபதி எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பது. யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.


தேத்தாத்தீவுப் பொடியன் | மாலை 6.32

சேர், அந்த முறை நல்லா வேலை செய்தது என்றா சொல்கிறீர்கள்? 2020 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுக்க ஒரு மாவட்டத்திலும் ஆசனம் வெல்லவில்லை. கிடைத்தது தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் 2021 ஜூனில் பாராளுமன்றத்துக்கு வந்த ரணில், 2022 மேயில் பிரதமர், ஜூலை 20இல் 134 வாக்கு எடுத்து ஜனாதிபதி. டளஸுக்கு 82, அநுரவுக்கு 3. நானும் வாக்குப் போட்டேன், என் அம்மாவும் போட்டா, தெருவில் நின்று பெற்றோல் வரிசையில் காய்ந்தோம். கடைசியில் நாங்கள் யாரும் கேட்காத ஆள் வந்து கதிரையில் இருந்தார்.

உப ஜனாதிபதி ஒருவர் கோட்டாபயவோடு சேர்ந்து 2019 வாக்குச்சீட்டில் நின்றிருந்தால், அவருக்கும் மக்கள் வாக்குப் போட்டதாக இருந்திருக்கும்.


மீன்மகள் | மாலை 6.51

தம்பி, யாரை நிறுத்தியிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அண்ணன் பிரதமர், தம்பி நிதியமைச்சர் என்று நடந்த வீடு அது. உப ஜனாதிபதிக் கதிரை ஒன்று இருந்திருந்தால் அதற்கும் வீட்டுக்குள்தான் ஆள் தேடியிருப்பார்கள். 2022 ஜூலையில் ஒருவரை விரட்டினால், பின்கதவால் இன்னொருவர் யாப்புப்படியே, வாக்கெடுப்பும் இல்லாமல், மிச்சக் காலம் முழுக்க இருந்திருப்பார். காலிமுகத்திடல் போராட்டத்தில் கத்தியதற்கு அதுதான் பலன்.

நான் சட்டம் படிக்கிறவள், கல்லடி. அமெரிக்க முறையைப் பற்றி இரண்டு விடயம் சொல்ல வேண்டும், எல்லாரும் அதைத்தான் முன்மாதிரி என்கிறார்கள்.

அங்கே தொடக்கத்தில் இருந்த விதி என்ன தெரியுமா? தேர்தலில் முதலாவதாக வந்தவர் ஜனாதிபதி, இரண்டாவதாக வந்தவர் உப ஜனாதிபதி. 1796இல் ஜோன் அடம்ஸ் வென்றார், அவரோடு மோதித் தோற்ற ஜெபர்சன் அவருக்கு உபவாக வந்து உட்கார்ந்தார். நாலு வருடமும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1800இல் இன்னும் மோசம். ஒரே அணியில் நின்ற ஜெபர்சனுக்கும் ஆரன் பர் என்பவருக்கும் தலைக்கு 73 வாக்கு, சமன். பிரதிநிதிகள் சபை 36 தடவை வாக்கெடுத்துத்தான் ஜெபர்சனைத் தெரிவு செய்தது. அதன்பிறகு 1804இல் 12ஆம் திருத்தம் வந்து இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்று ஆனது.

அதாவது ஒன்றும் யோசித்துச் செய்த பதவி இல்லை. தட்டுத்தடுமாறித் திருத்தித் திருத்தி வந்தது.


தேத்தாத்தீவுப் பொடியன் | மாலை 6.58

பொறுங்கள் அக்கா. முதலாவது ஜனாதிபதி, இரண்டாவது உப ஜனாதிபதி என்றால்... 2019இல் கோட்டாபய ஜனாதிபதி, சஜித் உப ஜனாதிபதி! கோட்டா ஓடினதும் ஜூலை 2022இல் சஜித் தானாக ஜனாதிபதி! மட்டக்களப்பு அள்ளிக் கொடுத்த வாக்கு ஒன்றும் வீண்போயிருக்காது. அந்தப் பழைய விதிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.


வாவிக்கரை | இரவு 7.05

முதல் ஆறு மாதத்தில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியிருப்பார்கள். ஜனாதிபதி சிறிசேனவும் பிரதமர் ரணிலும் ஒன்றாக இருந்த அழகை மறந்துவிட்டீர்களா? 2018 ஒக்ரோபரில் இந்த நாட்டில் இரண்டு பிரதமர் இருந்தார்கள்.


கல்முனைக் காக்கா | இரவு 7.40

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். வணக்கம்.

சேர் மாளிகை, வாகனம் என்று செலவைப் பேசுகிறார். தம்பி 2022ஐப் பேசுகிறார். கேள்வியின் நடுவை ஒருவரும் தொடவில்லை. இந்த நாட்டில் உப ஜனாதிபதி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஜனாதிபதி செத்தால் யார் வருவது என்ற கவலையிலிருந்து வரவில்லை. சிறுபான்மைக்கு உச்சியில் ஓர் இடம் வேண்டும் என்ற கதையிலிருந்து வந்தது.

2000 ஆகஸ்ட் 3இல் ஜனாதிபதி சந்திரிகா பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்த புதிய யாப்பு மசோதாவில் இரண்டு உப ஜனாதிபதிகள் எழுதப்பட்டிருந்தார்கள். இருவரும் வெவ்வேறு சமூகம், ஜனாதிபதியின் சமூகத்தையும் சேராதவர்கள். புரிகிறதா? ஜனாதிபதி சிங்களவர் என்றால் ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம் என்றுதான் போயிருக்கும். அன்றைக்கு எங்கள் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் மர்ஹூம் அஷ்ரஃப் அமைச்சரவையில் இருந்தார். ஐக்கிய தேசியக் கட்சிக்காரர் சபைக்குள்ளேயே அந்த மசோதாப் பிரதியைக் கொளுத்தினார்கள். வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன், கடையில் சாமான் நிறுக்க மறந்து நின்றது ஞாபகம். சில நாளில் வாக்கெடுப்பை ஒத்திவைத்தார்கள், ஆகஸ்ட் 18இல் பாராளுமன்றமே கலைந்தது. செப்டெம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அஷ்ரஃபும் போய்விட்டார்.

அந்த மசோதா நிறைவேறியிருந்தால் கிழக்கு மாகாணத்துப் பிள்ளை ஒன்று இந்த நாட்டின் உப ஜனாதிபதி என்ற கதிரையில் இருந்திருக்கும். அதை "இன்னொரு வாகனத் தொடரணி" என்று சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை.


மீன்மகள் | இரவு 8.02

காக்கா, மசோதாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதே மசோதா நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதற்கும் வந்தது. அதிகாரம் பிரதமருக்கும் அமைச்சரவைக்கும் போகிறது, ஜனாதிபதியைப் பாராளுமன்றம் தெரிவு செய்கிறது. ஆகவே சம்பிரதாய ஜனாதிபதி ஒருவருக்குப் பக்கத்தில் சம்பிரதாய உப ஜனாதிபதிகள் இருவர். நாட்டுக்கு முன்னால் வண்டியில் போகும் மூன்று பேரில் இருவர் நம்மவர், கடிவாளம் நாலாவது ஆளின் கையில். எதிர்க்கட்சி கொளுத்தியதுக்குச் சொன்ன காரணமும் அந்த உப பதவிகள் இல்லை. சந்திரிகா தன் மிச்சக் காலத்துக்கு நிறைவேற்று அதிகாரத்தை வைத்துக்கொள்ள இடைக்கால ஏற்பாடு போட்டுக்கொண்டதுதான் பெரிய சண்டை.


கல்முனைக் காக்கா | இரவு 8.15

சம்பிரதாயமாக இருந்தாலும் தங்கச்சி, இந்தியாவைப் பாருங்கள். ஸாகிர் ஹுசைன் உப ஜனாதிபதியாக இருந்து 1967இல் ஜனாதிபதியாகவே ஆனார். ஹிதாயத்துல்லாஹ், ஹமீத் அன்சாரி. உங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து திருத்தணி ராதாகிருஷ்ணன், வெங்கட்ராமன், 2025 செப்டெம்பரில் திருப்பூர் சி.பி. ராதாகிருஷ்ணன். ராஜ்யசபையின் தலைமைக் கதிரை அவருடையது. அந்தக் கதிரையைப் பார்த்து ஒரு சமூகத்துப் பிள்ளை நாளைக்கு நானும் என்று நினைக்கும். அதற்கு விலை இல்லையா?


தேத்தாத்தீவுப் பொடியன் | இரவு 8.21

கமலா ஹாரிஸ் கதையை விட்டுவிட்டீர்களே காக்கா. அம்மா சியாமளா கோபாலன், அம்மாவின் அப்பாவுக்கு ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2020இல் மாநாட்டு மேடையில் "சித்தி" என்று ஒரு சொல் சொன்னார், அந்த ஒரு சொல்லுக்கு உலகத்துத் தமிழர் எல்லாம் கண் கலங்கினோம். வென்றதும் துளசேந்திரபுரத்தில் கோலம், பட்டாசு. நாலு வருடம் முடிய என்ன மிஞ்சியது? சித்தி மிஞ்சியது.


மீன்மகள் | இரவு 8.30

அதுகூட முழுநியாயம் இல்லை தம்பி. அமெரிக்க உப ஜனாதிபதிதான் செனட் சபையின் தலைவர், வாக்கு சமனாக விழுந்தால் அவருடைய ஒரு வாக்கு தீர்க்கும். கமலாவின் காலத்தில் முதல் இரண்டு வருடம் செனட் ஐம்பதுக்கு ஐம்பது என்று கிடந்தது, மொத்தம் 33 தடவை அப்படித் தீர்த்தார். 19ஆம் நூற்றாண்டு உப ஜனாதிபதி கல்ஹூனின் 31ஐத் தாண்டிய சாதனை அது. ஆனால் வெள்ளை மாளிகைக்குள் என்ன வேலை கிடைக்கும் என்பது ஜனாதிபதியின் மனதைப் பொறுத்தது. 1945இல் ரூஸ்வெல்ட் சாகும்போது ட்ரூமன் உப ஜனாதிபதியாகி 82 நாள். அணுகுண்டு தயாராகிக்கொண்டிருப்பதே அவருக்கு முறையாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. பதவி ஏற்ற பிறகுதான் தெரிந்தது. நாலு மாதத்தில் போட உத்தரவு கொடுத்ததும் அவரே.

அங்கேயே ஒரு பழைய பகிடி உண்டு. வில்சனின் உப ஜனாதிபதி தோமஸ் மார்ஷல் தன்னைப் பற்றியே சொன்னது: அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்களாம், ஒருவன் கடலுக்குப் போனான், மற்றவன் உப ஜனாதிபதி ஆனான், இருவரைப் பற்றியும் மறுகா ஒரு செய்தியும் இல்லையாம். 1919இல் வில்சன் பாரிசவாதத்தில் விழுந்து கிடந்தபோது அவருடைய மனைவிதான் யார் உள்ளே போகலாம், எந்தக் கடிதம் போகலாம் என்று பார்த்தார். மார்ஷல் வெளியே.


சங்கமன்கண்டி | இரவு 8.55

நான் திருக்கோவில் பக்கம். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு அமெரிக்கா தெரியாது, உபதலைவர் தெரியும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

என் மாமா ஊர்க் கோயில் பரிபாலன சபையில் 11 வருடம் உபதலைவர். கோயில் பெயர் வேண்டாம். சாமி கோபிக்காது, சபை கோபிக்கும். மாமாவுக்கு மூன்று வேலை. பெரிய ஆட்கள் வந்தால் வெற்றிலை வட்டாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவது. கூட்டத்தில் தலைவருக்கு வலப்பக்கக் கதிரையில் இருப்பது. முடிவில் நன்றியுரை. அந்த நன்றியுரை எங்களுக்கு எல்லாம் மனப்பாடம், "ஒலிபெருக்கி தந்துதவிய" என்று தொடங்கினால் நாங்கள் செருப்பைத் தேடத் தொடங்குவோம்.

ஒரு வருடம் கொடியேறி மூன்றாம் நாள் தலைவருக்கு நெஞ்சு வலி, கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சபை யாப்பில் தெளிவாக இருக்கிறது: தலைவர் இல்லாதபோது உபதலைவர் தலைவராகக் கடமையாற்றுவார். மாமா சவரம் செய்து, புது வேட்டி கட்டி, சால்வையை இரண்டு தடவை மடித்துப் போட்டுக்கொண்டு போனார். போனால் பந்தல்காரர் முற்பணம் கேட்டு நிற்கிறார், மேளக்காரர் நிற்கிறார்கள், அன்னதான அரிசி லொறியில் நிற்கிறது. காசோலையில் தலைவரும் பொருளாளரும் கையெழுத்து வைத்தால்தான் வங்கி காசு கொடுக்கும். மாமாவின் கையெழுத்து மாதிரி வங்கியில் இல்லை. 11 வருடத்தில் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. பொருளாளர் கையை விரித்தார்.

மாமியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. தீர்த்தம் நல்லபடியாக நடந்தது. பத்து நாளில் தலைவர் சுகமாகி வந்தார். வந்ததும் முதல் கேட்ட கேள்வி: "யாரைக் கேட்டு மேளக்காரருக்குக் கூடக் கொடுத்தாய்?"

அதனால் கேட்கிறேன், காக்கா உட்பட எல்லாரையும். உப ஜனாதிபதிக்கு நீங்கள் கேட்பது கதிரையா, கையெழுத்தா?


தேத்தாத்தீவுப் பொடியன் | இரவு 9.01

பாவம் மாமி.

"உப" என்ற சொல்லின் அருமை தெரிய வேண்டுமென்றால் கல்முனைக்குப் போகலாம். தமிழருக்கென்று வடக்கு உப பிரதேச செயலகம் என்று ஒன்று 30 வருடத்துக்கு மேலாக "உப"வாகவே நிற்கிறது. காக்காவுக்கு நாட்டுக்கு உப ஜனாதிபதி வேண்டுமாம், பக்கத்துத் தமிழனுக்கு அந்த "உப"வை எடுத்துவிடத்தான் மனம் இல்லை.


கல்முனைக் காக்கா | இரவு 9.04

தம்பி, அதை இங்கே இழுக்க வேண்டாம். எல்லை எங்கே போகிறது, கடைத்தெரு யாருக்கு என்று தெரியாமல் தேத்தாத்தீவில் இருந்துகொண்டு பேசுவது லேசு.


தேத்தாத்தீவுப் பொடியன் | இரவு 9.05

அதைத்தானே சிங்களவரும் எங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள்?


மட்டுறுத்துநர் | இரவு 9.09

இரண்டு பேரும் நிறுத்துங்கள். பிரதேச செயலகத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 400 பதிவு கிடக்கிறது, அங்கே போய் 401ஆவதாக எழுதலாம். இங்கே உப ஜனாதிபதி மட்டும்.


வாவிக்கரை | இரவு 9.26

சங்கமன்கண்டியாரின் கேள்வி நல்ல கேள்வி. கையெழுத்துக் கொடுத்துப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது, காக்கா. சைப்பிரஸ். 1960இல் சுதந்திரம் கிடைக்கும்போதே யாப்பில் எழுதினார்கள்: ஜனாதிபதியைக் கிரேக்கர் தெரிவார்கள், உப ஜனாதிபதியைத் துருக்கியர் தெரிவார்கள். துருக்கியர் சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. ஆனாலும் அமைச்சரவையில் ஏழுக்கு மூன்று, அரச சேவையில் எழுபதுக்கு முப்பது. வெளிவிவகாரம், பாதுகாப்பு இரண்டிலும் ஜனாதிபதிக்கு இருக்கும் அதே வீட்டோ, அதாவது தடுக்கும் அதிகாரம், உப ஜனாதிபதிக்கும். நீங்கள் கனவு காண்பதைவிட நாலு மடங்கு.

என்ன நடந்தது? இராணுவத்தைக் கலப்பாக அமைப்பதா, தனித்தனியாக அமைப்பதா என்று சண்டை வந்தது. உப ஜனாதிபதி பாசில் குச்சுக் வீட்டோவைப் போட்டார், இராணுவமே உருவாகவில்லை. 1963 நவம்பரில் ஜனாதிபதி மக்காரியோஸ் யாப்பைத் திருத்த 13 அம்சம் எழுதினார். முதலாவது அம்சமே அந்த வீட்டோவை எடுப்பது. டிசம்பரில் வெட்டுக்குத்து. துருக்கியர் அரசாங்கத்தை விட்டு வெளியேறினார்கள். 1974இல் தீவே இரண்டாகப் போனது. இன்றைக்கும் அந்த யாப்பில் உப ஜனாதிபதி என்ற சொல் இருக்கிறது, இருக்க ஆள் இல்லை.

கதிரை மட்டும் கொடுத்தால் வெற்றிலை வட்டா. கையெழுத்துக் கொடுத்தால் மூன்று வருடத்தில் உடைந்து போகிறது. ஆகவே வேண்டாம் என்கிறேன்.


கல்முனைக் காக்கா | இரவு 9.48

பூட்டை உடைத்தவனை விட்டுவிட்டுப் பூட்டைக் குறை சொல்கிறீர்கள் சேர். சைப்பிரஸில் பதவி உடையவில்லை, கொடுத்ததைத் திருப்பி எடுக்கப் பெரும்பான்மைக்கு ஆசை வந்தது. இந்த நாட்டில் அது நடக்காத விடயமா? 1947 யாப்பில் 29ஆம் பிரிவு என்று சிறுபான்மைக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது, 1972இல் அது போனது. அதற்காக 29ஆம் பிரிவே வேண்டாம் என்று ஒரு தமிழரும் சொல்லி நான் கேட்டதில்லை.


மீன்மகள் | இரவு 10.05

இது நியாயமான அடி சேர். நான் காக்கா பக்கம் போகவில்லை, ஆனால் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உப ஜனாதிபதியை யார் வைக்கிறார்கள், யார் எடுக்கலாம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கையெழுத்துக்கூட அதற்குப் பிறகுதான்.

தென் சூடானைப் பாருங்கள். 2011இல் தனிநாடு ஆனது, சல்வா கீர் ஜனாதிபதி, ரீக் மச்சார் உப ஜனாதிபதி. இருவரும் இரண்டு பெரிய இனம். 2013 ஜூலையில் ஜனாதிபதி ஓர் ஆணை போட்டு மச்சாரை நீக்கினார், டிசம்பரில் உள்நாட்டு யுத்தம். 2020இல் சமாதானம் என்று சொல்லி ஐந்து உப ஜனாதிபதி வைத்தார்கள். ஐந்து! இருந்தும் 2025இல் முதலாம் உப ஜனாதிபதி மச்சார் வீட்டுக்காவலில். ஜனாதிபதி வைத்து ஜனாதிபதி எடுக்கலாம் என்றால் தொகை எத்தனை என்பதில் ஒன்றும் இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே மாலைதீவு. அங்கே ஜனாதிபதியும் உப ஜனாதிபதியும் ஒரே சோடியாகத் தேர்தலில் நிற்பார்கள். தம்பி சொன்ன முறைதான். 2012 பெப்ரவரி 7இல் நஷீத் விலகினார், உப ஜனாதிபதி வஹீத் அன்றைக்கே ஜனாதிபதி. துப்பாக்கி முனையில் விலக வைத்தார்கள், உபவுக்கும் தெரியும் என்று நஷீத் சொன்னார். மறுகா யமீன் ஜனாதிபதியாக வந்தார். 2015 ஜூலையில் உப ஜனாதிபதி ஜமீலைப் பாராளுமன்றம் நீக்கியது. அடுத்து வைக்க நினைத்த அதீப்புக்கு யாப்பில் சொன்ன 35 வயது இல்லை என்று, யாப்பையே திருத்தி 30 ஆக்கினார்கள். அதீப் உப ஜனாதிபதி. செப்டெம்பர் 28இல் ஜனாதிபதியின் படகில் வெடிப்பு. ஒக்ரோபரில் அதீப் கைது. மூன்று மாதக் கதை!


தேத்தாத்தீவுப் பொடியன் | இரவு 10.11

அம்மா இதை வாசித்தால் நாடகம் பார்ப்பதை விட்டுவிடுவா.

சரி, என் முதல் பதிவிலிருந்து அரைவாசி பின்வாங்குகிறேன். சோடியாக நின்றால் மக்கள் தெரிவு என்று நினைத்தேன். மக்கள் தெரிவு ஒரு நாளைக்கு, பிறகு படகு.


சங்கமன்கண்டி | இரவு 10.20

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு உப ஜனாதிபதியில் ஒருவர் தமிழர் என்று வையுங்கள். எந்தத் தமிழர்? யாழ்ப்பாணத்தாரா, எங்கள் பக்கமா, மலையகமா? மட்டக்களப்பான் கதிரையைத் துடைத்துக் கொடுப்பான், இருப்பது வேறொருவர். 2024 நவம்பரில் நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமாகத் தேசிய மக்கள் சக்தி எடுக்க, மட்டக்களப்பு மட்டும்தான் வேறு பக்கம் நின்றது. எங்களுக்கு என்று ஒரு குணம் இருக்கிறது, அதை யாரும் கேட்டுவிட்டு நியமிக்கப்போவதில்லை.


மீன்மகள் | இரவு 10.24

மூன்று மணித்தியாலமாக எந்தச் சமூகம், எந்த ஊர் என்று பங்கு பிரித்தாயிற்று. ஒரு பெண் இருக்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. கமலா ஹாரிஸைக்கூடச் சித்தியாகத்தான் ஞாபகம்.


கல்முனைக் காக்கா | இரவு 10.31

அது என் பிழைதான் தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன்.


வாவிக்கரை | இரவு 10.50

நாளைக்கு வகுப்பு, அதனால் கடைசியாக ஒன்று. காக்கா உச்சியில் ஓர் இடம் கேட்கிறார். நான் கேட்பது கீழே. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2012இல் நடந்தது. 2017 செப்டெம்பரோடு காலம் முடிந்தது. அதன்பிறகு ஆளுநர்தான். என்னிடம் இப்போது உயர்தரம் படிக்கிற பிள்ளைகளில் ஒன்றுக்கும் மாகாண சபைத் தேர்தல் எப்படியிருக்கும் என்று ஞாபகம் இல்லை, பாடத்தில்தான் படிக்கிறார்கள், டைனோசர் படிப்பது மாதிரி. ஒரு பாடசாலைக்கு ஆசிரியரை மாற்ற, ஒரு வைத்தியசாலைக்குக் கட்டில் வாங்க, கையெழுத்து வைக்கும் அதிகாரம் சட்டத்தில் ஏற்கனவே இருக்கிற சபை அது. அதை வெறுமையாகப் போட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு வலப்பக்கக் கதிரை எதற்கு?


கல்முனைக் காக்கா | இரவு 11.02

இரண்டையும் கேட்கக் கூடாது என்று எந்த யாப்பில் இருக்கிறது சேர்? மாகாண சபை வேண்டும், முதல் ஆளாக நானும் வரிசையில் நிற்பேன். ஆனால் அந்தச் சபையை எட்டு வருடம் பூட்டிவைத்தது யார்? கொழும்பு. பூட்டும்போது அமைச்சரவையில் நம்மவர் இருக்கவில்லையா? இருந்தார்கள். ஏன் தடுக்கவில்லை? தடுக்கிற கையெழுத்து அவர்களிடம் இல்லை. சுற்றிச் சுற்றி என் இடத்துக்குத்தான் வருகிறீர்கள்.


மீன்மகள் | இரவு 11.10

வருகிறோம், ஆனால் நீங்கள் புறப்பட்ட இடத்துக்கு இல்லை காக்கா. நீங்கள் புறப்பட்டது 2000 மசோதாவிலிருந்து. அதில் அந்தக் கையெழுத்து இல்லை. நீங்கள் இப்போது கேட்பது 1960 சைப்பிரஸ் வகை. அப்படியென்றால் நேராக அதைக் கேளுங்கள்: மாகாணத்தின் அதிகாரத்தைத் தொடுகிற சட்டம் என்றால் மட்டும் தடுக்கலாம், வேறொன்றிலும் கை வைக்கக் கூடாது, ஜனாதிபதி நீக்க முடியாது, அந்தந்த மாகாண சபைகள்தான் தெரிவு செய்யும். அப்படி ஒன்றை எழுதிக்கொண்டு வந்தால் நான் உட்கார்ந்து வாசிப்பேன். அதற்கு உப ஜனாதிபதி என்று பெயர் வைப்பதா வேறு பெயர் வைப்பதா என்பது எனக்குப் பெரிதில்லை.


கல்முனைக் காக்கா | இரவு 11.14

எனக்குப் பெயரும் பெரிதுதான். ஆனால் எழுதுகிறேன். கடையைத் திறந்துவிட்டு நாளைக்குப் பகல் எழுதுகிறேன்.


வாவிக்கரை | இரவு 11.16

அதைப் பிள்ளைகளுக்குக் கேள்வியாகக் கொடுக்கலாம். 20 புள்ளி.


தேத்தாத்தீவுப் பொடியன் | இரவு 11.20

எல்லாம் சரி, சங்கமன்கண்டி அண்ணன், ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். நித்திரை வராது. மாமியின் சங்கிலியை மீட்டாச்சா?


சங்கமன்கண்டி | இரவு 11.34

ஓம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் மாமா ரசீதுகளை எல்லாம் கொண்டுபோய் வைத்தார், மூன்று மணித்தியாலம் பேசினார்கள், கடைசியில் சபைக் கணக்கிலிருந்து கொடுப்பதென்று தீர்மானம். தலைவரும் பொருளாளரும் கையெழுத்து வைத்த காசோலை. வட்டியைத் தரவில்லை, அது மாமாவின் கையால் போனது. உபதலைவரின் கையெழுத்தையும் வங்கியில் பதிய வேண்டும் என்று ஒருவர் பிரேரித்தார், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

நன்றியுரை மாமாதான்.